பாண்டரோசாவா, ஜெஃப்ரியா?

அமெரிக்காவின் தாஹோ ஏரிப் பக்கம் எடுத்த மரத்தின் படத்தைப் போட்டு, கொத்துக்கு மூன்று ஊசியிலை இருப்பதால் பாண்டரோசா பைன்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஜெஃப்ரி பைனுக்கும் மூன்றுதான். இரண்டும் அங்கே வளரும்.

மரத்தடியில் கிடக்கும் காய்ந்த கூம்பு (பைன் மரத்தின் காய்) ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் பொத்திப் பாருங்கள். சுருக்கென்று குத்தினால் பாண்டரோசா. செதில் நுனி முள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஜெஃப்ரியில் முள் உள்பக்கம் மடங்கியிருப்பதால் அவ்வளவாக உறுத்தாது. கூம்பும் பெரியது, பெரும்பாலும் 15 செ.மீ.க்கு மேல்.

பட்டை வெடிப்பில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை வரும், அது ஜெஃப்ரி என்பார்கள். நான் அதை முழுக்க நம்புவதில்லை, சில பாண்டரோசாவும் அப்படி மணக்கும்.

ஏரியே சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அவ்வளவு உயரத்தில் ஜெஃப்ரிதான் அதிகம் என்பதால் இப்போதைக்கு என் ஊகம் ஜெஃப்ரி. கூம்பைப் பக்கத்தில் ஒரு பேனாவோடு படமெடுத்துப் போடுங்கள், உறுதியாகச் சொல்லிவிடலாம்.