செராமிக் இடுப்பு மூட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு வயது 42. செராமிக் மூட்டு வைத்தால் எத்தனை வருடம் உழைக்கும்?

எல்லா வகை இடுப்பு மாற்று மூட்டுகளையும் சேர்த்து 2019-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கணக்கு இது: 100 மூட்டுகளில் 15 ஆண்டு தாண்டி நிற்பவை சுமார் 89, 20 ஆண்டு தாண்டுபவை 70, 25 ஆண்டு தாண்டுபவை 58. இவற்றில் பல அந்தக் காலப் பிளாஸ்டிக் கிண்ணம் (இடுப்பெலும்புக் குழியில் பதிப்பது; அதற்குள்தான் பந்து சுழலும்) வைத்தவை. அந்தப் பிளாஸ்டிக் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மி.மீ. தேய்ந்தது. உதிர்ந்த தூள் எலும்பை அரித்ததால் மூட்டு ஆட்டம் கண்டது. செராமிக்மேல் செராமிக் உரசும்போது தேய்மானம் அதில் மிகச் சிறு பங்குதான். உங்கள் வயதுக்கு அது நல்ல தேர்வு. 65-க்கு மேற்பட்டவர்களுக்குச் செராமிக் பந்தும் புதுவகைப் பிளாஸ்டிக் கிண்ணமுமே தாராளமாகப் போதும். இரண்டும் செராமிக்காக இருக்க வேண்டும் என்று கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை.

பீங்கான் என்கிறார்களே, உடைந்துவிடாதா?

பழைய வகைகள் உடைந்தன. உற்பத்திக் கோளாறால் உடைந்த சிர்கோனியா என்ற செராமிக் வகைப் பந்துகளை 2001-இல் திரும்பப் பெற்றார்கள். இப்போது பெரும்பாலும் வைப்பது அலுமினா என்ற இன்னொரு செராமிக்குடன் சிர்கோனியா கலந்த, இளஞ்சிவப்பு நிறப் பந்து. அது உடைவது மிக அபூர்வம். உடைந்தால் காரணம் பெரும்பாலும் பொருத்திய விதத்தில் இருக்கும். தொடை எலும்புக்குள் செருகும் உலோகத் தண்டின் கூம்பு முனையில்தான் பந்து அமரும்; அதில் ரத்தமோ எலும்புத் துணுக்கோ ஒட்டியிருந்தால், பந்தின் உட்புறத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் குவியும். முனையைத் துடைத்து, உலர்த்தி, பந்தைக் கையால் திருகி அமர்த்திவிட்டு, பிளாஸ்டிக் முனையுள்ள கருவியை வைத்துத்தான் தட்ட வேண்டும். இரும்புச் சுத்தியல் பந்தின்மேல் நேரடியாகப் படவே கூடாது.

திடீரென்று ‘டக்’ என்ற சத்தமும் அதன்பின் நறநறப்பும் இருந்தால், காலை ஊன்றாமல் அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். மறு அறுவையில் சில்லுகளோடு மூட்டின் உள்சவ்வையும் அகற்றுவார்கள். அதன்பிறகு உலோகப் பந்து வைக்கவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் பொடிச் சில்லுகள் சதைக்குள் தங்கும். அவை உப்புத்தாள் போல உலோகத்தை அராவ, கோபால்ட் ரத்தத்தில் ஏறி இதயம், கண், காது மூன்றையும் பாதித்திருக்கிறது. உட்புறத்தில் டைட்டானியம் உறையுள்ள புதிய செராமிக் பந்துதான் சரி. இதை மருத்துவரிடம் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள்.

நடக்கும்போது கிரீச்சென்று சத்தம் வருகிறது. வலி இல்லை.

வலி இல்லாதவரை அவசரம் இல்லை. கிண்ணம் சுமார் 40 பாகை சாய்வில், 15 பாகை முன்நோக்கி இருப்பது நல்லது. 10 பாகை முன்பின் இருக்கலாம். அதைவிடச் செங்குத்தாக நின்றால் பந்து கிண்ணத்தின் விளிம்பில் ஏறி அழுத்தும். இடையிலுள்ள நீர்ப்படலம் அறுந்து, பந்தில் கோடுபோலத் தேய்மானம் விழும். அதுதான் சத்தம். படி ஏறும்போதா, குனியும்போதா என்று கவனித்து, மொபைலில் பதிவுசெய்து எக்ஸ்ரேயுடன் காட்டுங்கள். வலி சேர்ந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்து, விளிம்பு சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தரையில் உட்காரலாமா?

பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால் 6 முதல் 12 வாரம் வரை இடுப்பை 90 பாகைக்குமேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடக் கூடாது. உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் இருக்கையை உயர்த்துங்கள். அதன் பிறகும் குந்தி உட்காருவதைத் தவிருங்கள்: தண்டின் கழுத்து கிண்ண விளிம்பில் இடித்தால் செராமிக் சில்லு பெயரலாம். செருப்பு மாட்ட நீண்ட கொம்பு, படுக்கையில் கால்களுக்கு நடுவே தலையணை, இந்த இரண்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?

பொதுவாக எடுக்கலாம், மூட்டு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தண்டு உலோகம் என்பதால் மூட்டைச் சுற்றிப் படம் கொஞ்சம் மங்கும். விமான நிலையக் கருவியும் ஒலிக்கலாம்.

டிஸ்சார்ஜ் தாளில் நாலைந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். எதற்கு?

பந்தின் விட்டம், கூம்பின் அளவு, தொகுதி எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. 20 வருடம் கழித்துப் பந்தை மட்டும் மாற்ற நேர்ந்தால், தண்டின் முனை 12/14 என்ற அளவுக் கூம்பா, வேறா என்று தெரியாமல் பொருந்தும் பந்தை வரவழைக்க முடியாது. இன்றே மொபைலில் படமெடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.