நஷ்டஈட்டுத் தவணை தவறினால் ஜெயிலா?

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் என் அக்கா மகன், ஒரு திருட்டு வழக்கில் ப்ரொபேஷனில் (சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே இருக்கும் தண்டனை) இருக்கிறான். வேலை போனதால் இரண்டு மாதமாக நஷ்டஈட்டுத் தவணை கட்டவில்லை. உள்ளே போட்டுவிடுவார்களா?

பதில்: பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காக முடியாது. இதே மாநிலத்திலிருந்து போன 'பேர்டன் எதிர் ஜார்ஜியா' வழக்கில் 1983-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதில் அபராதம் 500 டாலர், நஷ்டஈடு 250. பெற்றோரிடம் கடன் வாங்கி 200-ஐக் கட்டியவருக்கு வேலை போயிற்று. பாக்கி 550-க்காக ஜெயிலில் போட்டார்கள். வசதியிருந்தும் கட்டவில்லையா, உண்மையாக முயன்றும் முடியவில்லையா என்று முதலில் விசாரிக்க வேண்டும். முடியாதவர் என்றால் அவகாசம், தொகைக் குறைப்பு, சமூக சேவை போன்ற வழிகளைப் பார்த்துவிட்டுத்தான் சிறை என்றது கோர்ட்.

பலர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். கையில் காசில்லையே என்று ப்ரொபேஷன் அதிகாரியைப் பார்க்கப் போகாமல் இருந்துவிடுவார்கள். அது தனி நிபந்தனை மீறல், வாரண்ட் வரலாம். உங்கள் பையன் வெறுங்கையோடாவது போகட்டும். வேலை நீக்கக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், வாடகை ரசீது, எந்தத் தேதியில் எங்கெல்லாம் வேலை கேட்டான் என்ற பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும். 20 டாலர் முடிந்தால் அதையாவது கட்டி ரசீது வாங்கட்டும். தவணையைக் குறைக்கும் மனுவை, மீறல் விசாரணை வருவதற்கு முன்பே வக்கீல் மூலம் போடுவது நல்லது.

குடியுரிமை இல்லாதவன் என்றால் மீறலை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீலைக் கேட்டே ஆகவேண்டும். ப்ரொபேஷன் முடிந்தாலும் பாக்கி போகாது; ஜார்ஜியாவில் அதை சிவில் தீர்ப்புப் போலவே வசூலிக்கலாம்.