அந்த இடத்தில் ஆள் இருக்கிறது

அன்புள்ள ஐயா,

கிறிஸ்து அரசர் பெருவிழாத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும், கல்லூரியில் படிக்கும் என் மகள் கேட்டாள்: "ராஜாக்களை எல்லாம் ஒழித்துவிட்டு ஓட்டுப் போடுகிறோம். கோயிலுக்குப் போனால் மட்டும் ஏன் ராஜா, ராஜா என்று பாட வேண்டும்? இது அடிமைப் புத்தி இல்லையா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சரித்திரத்தில் அரசர்கள் கடவுள் பெயரைச் சொல்லித்தானே ஆட்டம் போட்டார்கள்? 'அரசர்' என்பதை விட்டுவிட்டு 'நண்பர்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை அவரை அரசர் என்கிறோம், சரி. திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அதற்கு என்ன அர்த்தம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் கேட்டது விவிலியத்திலேயே இருக்கிறது, இன்னும் காரமாக. சாமுவேல் முதல் நூலின் 8ஆம் அதிகாரத்தை அவளுக்குப் படிக்கக் கொடுங்கள். மற்ற இனத்தாருக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேல் மக்கள் வந்து நிற்கிறார்கள். அரசன் வந்தால் என்ன நடக்கும் என்று முதிய இறைவாக்கினர் சாமுவேல் அடுக்குகிறார். உங்கள் பையன்களைத் தன் தேருக்கு முன்னால் ஓட விடுவான். பெண்பிள்ளைகளைச் சமைக்கவும் அப்பம் சுடவும் பிடித்துப் போவான். இருப்பதில் நல்ல வயலாகப் பார்த்து எடுத்துத் தன் அலுவலர்களுக்குக் கொடுப்பான். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அவனுக்கு. கடைசியில் நீங்களே அவனுக்கு அடிமை. அரசாட்சியைப் பற்றி இதைவிடக் கடுமையாக எந்தக் குடியரசுவாதி எழுதிவிட முடியும்?

இந்தப் பட்டியலுக்கு முன்பே கடவுள் சாமுவேலிடம் ஒன்று சொல்லிவிடுகிறார்: அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, தங்களை நான் ஆள வேண்டாம் என்று என்னைத்தான் தள்ளியிருக்கிறார்கள். 'கடவுளே அரசர்' என்ற பேச்சு அங்கே அரண்மனைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அதற்கும் முன்னால், எதிரிகளிடமிருந்து மக்களை மீட்ட கிதியோனை ஆளக் கூப்பிட்டபோது, நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், ஆண்டவரே உங்களை ஆள்வார் என்று மறுத்துவிட்டார். பேருந்தில் காலி இருக்கையில் உட்காரப் போகிறவரிடம் "இங்கே ஆள் இருக்கிறது" என்போமே, அந்த மாதிரி. கடவுளை அரசர் என்பதன் முதல் வேலை, அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார விடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

பிறகு அரசர்கள் வரத்தான் செய்தார்கள். அவர்களுக்கும் இணைச்சட்டம் 17இல் கடிவாளம் உண்டு: குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் குவிக்கக் கூடாது, சட்டத்தின் நகல் ஒன்றை எழுதி வைத்து வாழ்நாள் முழுக்கப் படிக்க வேண்டும். சாலமோன் அந்த மூன்றையும் பெருக்கினார் என்பது வேறு கதை.

சரித்திரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். பைசாந்திய (கிழக்கு ரோம) பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியன் 7ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெளியிட்ட பொற்காசு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்துவின் முகம், சுற்றிலும் 'ஆள்வோரை ஆளும் அரசர்' என்ற எழுத்து. மறுபக்கம் பேரரசன் நிற்கிறான், 'கிறிஸ்துவின் ஊழியன்' என்ற பட்டத்தோடு. கேட்க எவ்வளவு பணிவு! ஆனால் ஊழியனின் பக்கத்திலிருந்து மக்களுக்குக் கிடைத்தது கொடுமையும் வரியும். 695இல் அவனைப் பிடித்து மூக்கை அறுத்து நாடுகடத்தினார்கள். 'நான் அவருடைய ஆள்' என்று சொல்லிக்கொண்டே அவருடைய இடத்தில் உட்காரும் தந்திரம் அப்போதே நன்றாகப் பழகிவிட்டது.

நீங்கள் கொண்டாடிய பெருவிழாவும் கலப்பில்லாததல்ல. 1925 டிசம்பரில் திருத்தந்தை பதினோராம் பயஸ் ஒரு சுற்றுமடல் எழுதி அதை ஏற்படுத்தினார். மதத்தை ஒதுக்கி வைத்த அரசுகள் மீது அவருக்கு இருந்த வருத்தம் அந்தச் சுற்றுமடலில் நிறையவே தெரிகிறது; அதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. ஆனால் அப்போது இத்தாலியில் முசோலினி பதவிக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எட்டரை ஆண்டுகள் கழித்து, 1934 மே மாதம், ஜெர்மனியின் பார்மென் நகரில் கூடிய சீர்திருத்தத் திருச்சபையினர், நம் வாழ்க்கையில் இயேசு கிறிஸ்துவுக்கு அல்லாமல் வேறு தலைவர்களுக்குச் சொந்தமான பகுதிகள் உண்டு என்ற போதனையை நிராகரிக்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நேரம் அது. ஜஸ்டினியன் காசில் பொறித்த அதே நம்பிக்கைதான். யார் கையில் இருக்கிறது, யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது.

இயேசு தம்மை அரசராக்க வந்த கூட்டத்திடமிருந்து விலகி மலைக்குப் போனதையும், சீடர்களின் காலைக் கழுவியதையும் மறையுரைகளில் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். அதிகம் பேசப்படாத ஒரு வரி யோவான் நற்செய்தியில் இருக்கிறது. ரோம ஆளுநன் பிலாத்துவின் முன்னால் தலைமைக் குருக்கள் சொல்கிறார்கள்: எங்களுக்குச் சீசரை (ரோமப் பேரரசரை) தவிர வேறு அரசர் இல்லை. கடவுளே அரசர் என்று காலமெல்லாம் பாடிய கோயிலை நடத்துகிறவர்கள் அவர்கள். வெளியாள் யாரும் அவர்கள் வாயில் அதைத் திணிக்கவில்லை. பங்குப் பேரவைத் தேர்தல், சபைத் தலைமைச் சண்டை என்று வரும்போதெல்லாம் எனக்கு அந்த வரி ஞாபகம் வருகிறது.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். உங்களுக்கு மேலே இருக்கிறவர் ஒரு பொய்க் கணக்கை நீட்டி, கையெழுத்துப் போடு என்கிறார். 'மேலிடத்து உத்தரவு' என்பது அங்கே கடைசி வார்த்தை ஆகாது. இது எல்லோரும் சொல்வது. எனக்கு அதைவிடக் கஷ்டமாகப் படுவது மறுபக்கம். உங்களுக்குக் கீழே நாலு பேர் இருந்தால், அவர்களுக்கு நீங்களும் கடைசி வார்த்தை இல்லை. விடுப்புக் கேட்டு வந்தவரை மேசைக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு, நாம் பாட்டுக்குக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அந்த இரண்டு நிமிடம் சின்ன அரசாட்சிதான். வீட்டில் "நான் சொன்னால் சொன்னதுதான்" என்பதும் அதே ரகம். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு நீங்கள் அப்படிச் சொல்லி வாயை அடைக்கவில்லை பாருங்கள், அதுவே பெரிய விஷயம்.

மத்தேயு 25இல் வரும் அரசர் பசித்தவராகவும் அந்நியராகவும் சிறையில் இருப்பவராகவும் வந்துபோகிறார். உதவியவர்களுக்கும் அவரை அடையாளம் தெரியவில்லை, உதவாதவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் மேசைக்கு முன்னால் நிற்கிறவர் யார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

கடைசியாக, 'நண்பர்'. தாராளமாகச் சொல்லலாம், உங்களை நண்பர்கள் என்றேன் என்று அவரே யோவான் 15இல் சொல்கிறார். ஆனால் அது மட்டும் போதுமா? 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப்பைக் கைது செய்தபோது, காவல் தலைவனும் அவன் தந்தையும் அவரைத் தங்கள் வண்டியில் ஏற்றிப் பக்கத்தில் உட்கார வைத்து இதமாகத்தான் பேசினார்கள்: "சீசரே ஆண்டவர் என்று சொல்லிவிட்டுத் தூபம் போடுவதில் என்ன கெட்டுவிடும்?" அவர் மறுத்ததும் அவசரமாக இறக்கிவிட்டதில் கிழவருக்கு முழங்காலுக்குக் கீழே சிராய்த்துவிட்டது. பிறகு அரங்கத்தில் ஆளுநன் முன்னால் அவர் சொன்னது: 86 ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை மீட்ட என் அரசரை எப்படிப் பழிப்பேன்?

கிழவருக்கு வானத்தில் ஒரு நண்பர் இருப்பதில் ரோமுக்கு எந்த ஆட்சேபமும் இருந்திருக்காது. அரசர் என்றதுதான் பொறுக்கவில்லை.

அன்புடன்.