எங்கள் பகுதியில் உள்ள கிறிஸ்தவ ஹோம்ஸ்கூல் குழுவுக்கும் அதை நடத்துபவர்களுக்கும் எப்படி உதவலாம்?

காணிக்கை கொடுக்கலாமா, ஜெபித்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நல்லதுதான். ஆனால் குழுவை நடத்துபவரிடமிருந்து ஒரு வேலையை முழுதாக வாங்கிக்கொள்வதுதான் பெரிய உதவி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள் கூடி நடத்தும் இப்படி ஒரு குழுவில் கணக்கு வழக்கு பார்க்கும் அம்மாவாக இதைச் சொல்கிறேன்.

குழுத் தலைவர் என்கிறோமே, பெரும்பாலும் அவரும் தன் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் ஒரு தாய்தான். சம்பளம் கிடையாது. மகனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுக்கும்போதே, மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது, அறிவியல் செய்முறை வகுப்பை யார் எடுப்பது, கட்டணம் கட்டாத குடும்பத்திடம் எப்படிப் பேசுவது என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் போய் “ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்றால், என்ன உதவி கேட்பது என்று யோசிக்கும் வேலையும் அவருக்கே சேர்கிறது. “இந்த வருடம் முழுக்க வருகைப் பதிவு என் பொறுப்பு” என்று சொல்லிப் பாருங்கள், முகமே மாறிவிடும்.

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தில் மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்கை விசாரிப்பதை மாமனார் எத்திரோ பார்க்கிறார். மோசே மட்டுமல்ல, ஜனங்களும் களைத்துப்போவார்கள் என்கிறார். அது அப்படியே உண்மை. தலைவர் ஓய்ந்துவிட்டால் சில குழுக்கள் அடுத்த வருடம் கூடுவதே இல்லை. அப்போஸ்தலர் 6-இல், ஆதிச் சபையில் விதவைகளின் அன்றாட உணவு விஷயத்தில் முறுமுறுப்பு எழுந்தபோது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அந்த வேலையையே அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

எதை எடுத்துக்கொள்வது? கணக்கு தெரிந்தவர் பணப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். குழுவின் பணம் தலைவரின் சொந்தக் கணக்கில் கிடக்கவே கூடாது. தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் குடும்பங்களுக்கும் வரவுசெலவு. அவர் பெயருக்கு இது பெரிய பாதுகாப்பு. சட்டம் படிக்கப் பொறுமை இருந்தால் அதையும் ஏற்கலாம். அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் ஹோம்ஸ்கூல் சட்டப்படி செல்லும். ஆனாலும் டெக்சாஸில் அரசுக்குத் தகவல்கூடத் தர வேண்டாம், நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை தர வேண்டும். ஜெர்மனியிலோ பள்ளிக்குப் போவது கட்டாயம். இடத்துக்கு இடம் இப்படி மாறுவதால், தேதிகளை நினைவுபடுத்த ஒருவர் இருந்தால் நிறையக் குடும்பங்கள் நிம்மதியாக இருக்கும்.

பிள்ளைகளின் பாதுகாப்பை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். எந்த வகுப்பிலும் ஒரு பெரியவர் மட்டும் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது. எல்லோரும் விசுவாசிகள்தானே என்று இதைத் தளர்த்தவே வேண்டாம். அந்த இரண்டாவது ஆளாக உட்கார, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அக்காமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முன்வரலாம். அவர்களையும் மற்றவர்களைப் போலவே விசாரித்துத்தான் சேர்க்க வேண்டும்.

சபை மண்டபத்தை இலவசமாகத் தரலாம். போதகர் அவ்வப்போது வந்து நடத்துபவரிடம் “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்டாலே பெரிய ஆறுதல்.

அப்புறம், குறை இருந்தால் நேரில் நடத்துபவரிடமே பேசுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முக்கியமாக ஞானஸ்நானம் போன்ற உபதேச வேறுபாடுகளில் எல்லாப் பக்கமும் அவரைத்தான் இழுப்பார்கள். குழு எதையெல்லாம் நம்புகிறது என்று எழுதிவைத்திருக்கும் விசுவாச அறிக்கையைச் சேரும்போதே படித்து, ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வாரத்தில் ஒரு காலை அவருடைய பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்க முடியுமென்றால் அதையும் கேட்டுப் பாருங்கள். அடுத்து பொறுப்பேற்கும் எண்ணம் உங்களுக்கே இருந்தால், வருடம் முடியும்வரை காத்திருக்காமல் நடுவிலேயே சொல்லிவிடுங்கள். மிச்ச மாதங்கள் கூடவே இருந்து பழகிக்கொள்ளலாம்.