பெரிய மானிட்டரா? முதலில் மேசையை அளந்து பாருங்கள்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் பெரிய, கூர்மையான மானிட்டர் பற்றிக் கேட்ட கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கரையோரத்துக் கடிதங்களே அதிகம் என்பதால், உப்புக்காற்றும் கரண்டும் பதில்களில் அடிக்கடி வரும்.

27 இன்ச் வாங்கலாமா, 32 இன்ச் வாங்கலாமா? சீக்கிரம் சொல்லவும். (மண்டபம்)

மேசையின் ஆழம் என்ன, லேப்டாப் எது, என்ன வேலை என்று மூன்றையும் எழுதாமல் அவசரம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இன்ச் டேப்பை எடுத்துச் சுவரிலிருந்து மேசை விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஸ்டாண்டின் பின்பக்கம் 15 செ.மீ. போய்விடும். விளிம்பிலிருந்து உங்கள் கண் இன்னொரு 15, 20 செ.மீ. தள்ளி இருக்கும். 27 இன்ச் திரைக்குக் கண்ணிலிருந்து 60 முதல் 70 செ.மீ. வேண்டும், 32-க்கு 80 செ.மீ. ஆகவே இரண்டடி ஆழ மேசைக்கு 27, இரண்டரை அடிக்கு 32. பிள்ளைகள் படிக்கும் ஒன்றரை அடி மேசை என்றால் 24-ஓடு நிறுத்துங்கள், இல்லையென்றால் விளிம்பில் கிளாம்ப் போடும் ஆர்ம் வாங்கித் திரையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். 32 இன்ச் திரை 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு மேலே போனால் ஒரே மாதத்தில் கழுத்து வலிக்கும்.

32 இன்ச் ஃபுல் ஹெச்டி (1920 x 1080 பிக்சல்) மலிவாகக் கிடைக்கிறது. தமிழ் டிடிபி, பத்திரம் டைப் செய்யும் வேலை. எழுத்து பெரிதாகத் தெரிந்தால் நல்லதுதானே? (கீழக்கரை)

வாங்காதீர்கள். தமிழ் டைப் செய்கிறவர்களுக்கு இந்த மானிட்டரைத் தள்ளிவிடுவதுபோல் எனக்கு எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை.

12 பாயின்ட் எழுத்துக்கு 100 சதவீத ஸ்கேலிங்கில் (எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) விண்டோஸ் கொடுக்கும் உயரம் 16 புள்ளிகள், அதாவது பிக்சல்கள். திரை 24 இன்ச் ஆனாலும் 32 இன்ச் ஆனாலும் அதே 16-தான். 24 இன்ச் ஃபுல் ஹெச்டியில் ஒரு புள்ளி சுமார் 0.28 மி.மீ., 32-இல் 0.37 மி.மீ. எழுத்து பெரிதாகிறது, ஆனால் கூடுதலாக ஒரு புள்ளிகூட அதற்குக் கிடைப்பதில்லை. ஆங்கில எழுத்துக்கு 16 புள்ளி போதும். தமிழுக்கு அதே 16-க்குள் மேலே இகர, ஈகார வளைவும் நடுவில் எழுத்தும் கீழே இறங்கும் உகரமும் அடங்க வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மிஞ்சுவது ஒன்றோ இரண்டோ பிக்சல்தான். ண-வின் மூன்று சுழியும் ன-வின் இரண்டு சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிவிடும். 'வி'யின் வளைவுக்கும் 'வீ'யின் உட்சுழிக்கும் வித்தியாசம் ஒரே புள்ளி. 'வீடும் மனையும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'விடும் மணையும்' என்று விழுந்தால், பிழை திருத்துகிறவர் கண்ணுக்கு அது தப்பிப் போகும். தலைப்பை போல்டில் போட்டால் இன்னும் மோசம், சுழிக்குள் இருக்கும் வெள்ளை முழுக்க அடைந்துபோகும். இதையெல்லாம் பிரிண்ட் எடுத்த பிறகு, முத்திரைத்தாள் வீணான பிறகுதான் பார்ப்பீர்கள்.

இப்போது 27 இன்ச் 4கே-வை (3840 x 2160) பாருங்கள். 150 சதவீத ஸ்கேலிங் வைத்தால் அதே 12 பாயின்ட் எழுத்துக்கு 24 புள்ளிகள், திரையில் உயரம் சுமார் 3.7 மி.மீ. 27 இன்ச் கியூஹெச்டியில் (2560 x 1440) 100 சதவீதம் வைத்தாலும் எழுத்தின் உயரம் அதே 3.7 மி.மீ.தான், ஆனால் புள்ளி 16 மட்டுமே. உயரம் ஒன்றுதான், சுழி தெளிவதில்தான் வேறுபாடு. கண்ணுக்குச் சிறியதாகப் பட்டால் 175 வையுங்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம், குறைந்த புள்ளியில் அவை உடைந்து தெரியும்.

32 இன்ச் கியூஹெச்டிக்கும் 24 இன்ச் ஃபுல் ஹெச்டிக்கும் கூர்மை ஒன்றே. இடம்தான் கூடும். எக்செல் பார்ப்பவருக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு ஆகாது. தமிழ் வேலைக்கு என் வரிசை: 27 இன்ச் 4கே, மேசை ஆழமாக இருந்தால் 32 இன்ச் 4கே, பணம் இடித்தால் 27 இன்ச் கியூஹெச்டி. எதுவானாலும், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் பேனல். 27 இன்ச் ஃபுல் ஹெச்டியும் 32 இன்ச் ஃபுல் ஹெச்டியும் இந்த வேலைக்கு உதவாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 4கே வாங்கியவர்களில் பலர் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனை 1920-க்கு இறக்கிவிடுகிறார்கள். கொடுத்த பணம் அந்த நொடியே வீண். ரெசல்யூஷனைத் தொடாதீர்கள், ஸ்கேலிங்கை மட்டும் மாற்றுங்கள். கடைக்குப் போகும்போது நீங்கள் டைப் செய்த ஒரு பக்கத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய் 100 சதவீதத்தில் திறந்து, ஒரு கை நீளம் தள்ளி நின்று படித்துப் பாருங்கள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் வண்ணமீன் வீடியோவை வைத்து எழுத்தின் தெளிவை எடைபோட முடியாது.

4கே மானிட்டர் வந்துவிட்டது. ஆனால் மவுஸ் இழுத்து இழுத்துப் போகிறது. மானிட்டர் பழுதா? (ராமேஸ்வரம்)

மானிட்டர் நன்றாகவே இருக்கும். திரை 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மட்டும் படம் மாறும் வேகத்தில் ஓடுகிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். 60 என்று தேர்வு செய்ய வழி இருந்தால் செய்துவிடுங்கள், வேலை முடிந்தது. 60 அங்கே காணவே காணோம் என்றால் தடை வழியில் இருக்கிறது. லேப்டாப்பின் ஹெச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்தால் 4கே-வுக்கு 30-தான் வரும், 2.0 வேண்டும். விலை குறைந்த லேப்டாப்களில் இன்றும் 1.4 இருக்கிறது. நடுவில் யுஎஸ்பி-சி ஹப் இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான், மலிவான ஹப்புகளில் பெரும்பாலானவை 30-ஓடு நின்றுவிடும். லேப்டாப்பின் சி போர்ட் படம் அனுப்பும் வகையானால், சி-யிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் வாங்குங்கள், இரண்டு மீட்டருக்குள். எல்லா சி போர்ட்டும் படம் அனுப்பாது, சார்ஜ் மட்டும் ஏற்றும் போர்ட்டும் உண்டு. அதனால் லேப்டாப் மாடலின் விவரப் பட்டியலைப் பார்க்காமல் கேபிளுக்குக் காசு கொடுக்காதீர்கள். மானிட்டரின் மெனுவிலும் ஒருமுறை தேடுங்கள். சிலவற்றில் ஹெச்டிஎம்ஐ 2.0-வை நாமே இயக்க வேண்டும், சிலவற்றில் யுஎஸ்பி-சிக்கு 'ரெசல்யூஷனா, டேட்டா வேகமா' என்று ஒரு தேர்வு இருக்கும்.

ஓஎல்இடி மானிட்டர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கணக்கு வேலைக்கு எடுக்கலாமா? (தேவிபட்டினம்)

வேண்டாம். நாள் முழுக்க அசையாமல் நிற்கும் டாஸ்க்பாரும் கட்டங்களும் அந்தப் பேனலில் தழும்பாகத் தங்கும்.

வீட்டுக்கு இந்தப் பக்கம் தென்கடல், அந்தப் பக்கம் வடகடல். பழைய மானிட்டரின் போர்ட்டெல்லாம் பச்சை பூத்துவிட்டது. புதியதை எப்படிக் காப்பாற்றுவது? பிளாஸ்டிக் கவர் போடலாமா? (பாம்பன்)

பிளாஸ்டிக் கவர் போடவே கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ராத்திரி குளிரும்போது வேர்த்து நிற்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். உங்கள் ஊரில் பல இரவுகளில் அது நடக்கிறது. அந்தக் கசிவுதான் செம்பை அரித்துப் பச்சையாக்குகிறது. அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, மெல்லிய பருத்தித் துணி போடுங்கள், அது போதும். தினமும் ஓடும் மானிட்டர் தன் சூட்டிலேயே உள்ளே உலர்ந்துகொள்ளும். வாரக்கணக்கில் சும்மா கிடப்பதுதான் சீக்கிரம் கெடும்.

வாங்கும்போதே பவர் அடாப்டர் வெளியே தனியாக இருக்கும் மாடலாகப் பாருங்கள். அரிப்போ, கரண்ட் எகிறலோ முதலில் தாக்குவது பவர் பகுதியைத்தான். அடாப்டர் போனால் அதே வோல்ட், குறையாத ஆம்பியரில் இன்னொன்று மாட்டிவிடலாம். உள்ளேயே பவர் போர்டு இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அடாப்டரைத் தரையில் போடாதீர்கள். பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு சிலிக்கோன் மூடி கிடைக்கிறது. பயன்படுத்தும் கேபிள்களை மாதம் ஒருமுறை, கரண்டை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டுங்கள். அந்த உரசலே முனையைத் துடைத்துவிடும். பச்சை லேசாகத் தெரிந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

திரையைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திரைமேல் உப்பும் மணலும் சேர்ந்திருக்கும், தேய்த்தால் கீறும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மேலிருந்து கீழாக ஒற்றி எடுங்கள், பிறகு இன்னொரு காய்ந்த துணி. போர்த் தண்ணீர் வெள்ளைத் திட்டாகக் காயும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மேட் பூச்சைத் தின்றுவிடும். எதையும் நேராகத் திரையில் அடிக்கக் கூடாது, கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும்.

இன்வெர்ட்டரில் 32 இன்ச் மானிட்டர் ஓடுமா? எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டை பிளக்தான். மூன்றாவது பின்னை எடுத்துவிடலாமா? (தொண்டி)

ஓடும். 32 இன்ச் 4கே சுமார் 50 வாட். லேப்டாப்பையும் ரவுட்டரையும் சேர்த்தால் 120, 130. சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும், சுவிட்சை யுபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் நேரம் கூடுவதால் திரை அணைந்து எரியும். 600 விஏ சின்ன யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. இந்தச் சுமைக்குக் கால் மணி நேரம்கூட நம்ப வேண்டாம். ஃபைலைச் சேமித்து மூட அது போதும்.

மூன்றாவது பின்னை எடுக்காதீர்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த கடிதத்தில் மறுபடி வருகிறது. எர்த் இல்லாத அடாப்டரின் உடலில் லேசான கசிவு மின்சாரம் நிற்கும். லேப்டாப்பைத் தொட்டால் விர்ரென்று இருப்பது அதுதான். அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் கசிவு கேபிள் வழியே பாயும், மானிட்டரின் போர்ட்டும் லேப்டாப்பின் போர்ட்டும் சேர்ந்தே போகலாம். மூன்று ஓட்டை சாக்கெட் போடுங்கள். போட்டபின் எலக்ட்ரீசியனை மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கரையோர மணல் காய்ந்தால் எர்த் பிடிக்காது, ஜிஐ (துத்தநாகப் பூச்சு இரும்பு) பைப்பை உப்பு தின்றிருக்கும். செம்புப் பூச்சு ராடாக மாற்றி, கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடியில் பிளக்கை மட்டும் எடுத்தால் போதாது. ஹெச்டிஎம்ஐ, லேன் கேபிள்களையும் எடுத்துவிடுங்கள்.

எம்1 மேக்புக் ஏரில் இரண்டு மானிட்டர் மாட்டலாமா? (ராமநாதபுரம்)

நேரடியாக ஒன்றுதான் எடுக்கும், எம்2 ஏருக்கும் அதே கதை. இரண்டு சிறிய திரைக்குப் பதில் 32 இன்ச் 4கே ஒன்று வாங்குங்கள். மேசையை அளந்த பிறகு.

43 இன்ச் 4கே டிவியையே மானிட்டராக வைத்துக்கொண்டால் என்ன? (பெரியபட்டினம்)

95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம். ஒரு மீட்டர் தள்ளி உட்கார இடமிருந்தால் மட்டுமே யோசியுங்கள். எழுத்தின் கூர்மை 27 இன்ச் கியூஹெச்டியைவிடச் சற்றுக் குறைவு. சில மலிவு டிவிகள் நிறத் தகவலைக் குறைத்துக் காட்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தைத் திறந்து பாருங்கள், ஓரம் கரைந்தால் அந்த டிவி இதற்கு ஆகாது. வாங்கினால் அந்த ஹெச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரைப் 'பிசி' என்று மாற்றி, ஷார்ப்னஸை இறக்குங்கள். 32 இன்சுக்கு மேலே போனால் ஜிஎஸ்டி வரி கூடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது.

ஜன்னல் வெளிச்சத்தில் திரை தெரிவதில்லை. 400 நிட்ஸ் பிரகாசமுள்ளதை வாங்கலாமா? (தங்கச்சிமடம்)

முதலில் மேசையைத் திருப்புங்கள், அதற்குச் செலவில்லை. ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, திரைக்குப் பின்னாலும் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். கிழக்கு, மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை கட்டாயம். வடக்கு ஜன்னல் பாதுகாப்பு என்று நம்புகிறீர்கள், ஆனால் சித்திரை தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் பாதி வரை உங்கள் ஊரில் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது. காலை, மாலை வெயில் அந்தப் பக்கமும் எட்டும். இதற்குப் பிறகும் போதாவிட்டால் மேட் பூச்சில் 350 நிட்ஸ் வாங்குங்கள். பளபளப்பான திரை வேண்டாம்.

4கே-வில் பழைய கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் மங்கலாக இருக்கிறது. (திருப்புல்லாணி)

அதன் ஐகானில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழே இருக்கும் ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து 'சிஸ்டம் (என்ஹான்ஸ்டு)' தேர்ந்தெடுங்கள். மூடித் திறந்து பாருங்கள். சில பழைய நிரல்களில் இதனால் பட்டன்கள் இடம் மாறிவிடும், அப்படியானால் வெறும் 'சிஸ்டம்' வையுங்கள்.

பழைய மானிட்டர் ஒன்று, '4கே சப்போர்ட்' என்கிறார்கள், பாதி விலை. (ஏர்வாடி)

'சப்போர்ட்' என்றால் 4கே சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணைப் பார்த்து, நேட்டிவ் ரெசல்யூஷன் 3840 x 2160 என்று இருந்தால் மேலே பேசுங்கள். பழையது என்பதால் டார்ச் அடித்து போர்ட்டுகளுக்குள்ளும் பாருங்கள், பச்சை தெரிந்தால் கால் விலைக்கும் வேண்டாம்.

ஆன்லைனில் வாங்கினால் வந்தவுடன் என்ன பார்க்க வேண்டும்? (உச்சிப்புளி)

பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். அறைச் சூட்டுக்கு வர ஒரு மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள். முழுத் திரையிலும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வைத்துச் செத்த புள்ளி தேடுங்கள். ஒன்றிரண்டு புள்ளிக்கு வாரண்டியில் பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள், திருப்பி அனுப்பும் நாட்களுக்குள் அனுப்பிவிடுவதுதான் வழி. அந்த நாட்கள் முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் எறியாதீர்கள். வாரண்டி அட்டையில் துருவும் மின்னழுத்தச் சேதமும் விலக்கப்பட்டிருக்கிறதா என்று அன்றைக்கே படித்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்கும் சர்வீஸ் உங்கள் பின்கோடுக்கு உண்டா என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே கம்பெனிக்குப் போன் செய்து கேளுங்கள்.