லாபம் எந்த வழியில் வந்தது? தொழில் அறம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (எம்.பி.ஏ. மாணவர்): சார், லாபம் ஈட்டுவதுதான் நிறுவனத்தின் ஒரே சமூகப் பொறுப்பு என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் சொல்லிவிட்டார். பிறகு இந்தப் பாடம் எதற்கு?

பதில்: தம்பி, 1970-இல் அவர் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பை மட்டும் படித்தவர்கள்தான் அதிகம். உள்ளே ஒரு நிபந்தனை இருக்கிறது. சமூகத்தின் அடிப்படை விதிகளுக்கு உட்பட்டுத்தான் லாபம் தேட வேண்டும் என்கிறார். அந்த விதிகளில் சட்டமும் அடங்கும், வழக்கத்தில் உள்ள அறநெறியும் அடங்கும். ஏமாற்றும் மோசடியும் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். மேலாளர் ஒருவர் பங்குதாரரின் பணத்தை எடுத்துத் தன் விருப்பத்துக்குத் தர்மம் செய்வதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அதில் எனக்கும் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் பெரிய நிறுவனங்கள் அந்த விதிகளையே தங்களுக்குச் சாதகமாக எழுத வைத்துக்கொண்டு, "விதிப்படிதான் நடக்கிறோம்" என்று சொன்னால் அதில் என்ன பெருமை?

கேள்வி (மாணவி): நிறுவனத்தின் பொறுப்புகளை அடுக்கிக் காட்டும் கேரல் பிரமிடில் நன்கொடை உச்சியில் இருக்கிறது. அப்படியானால் அதுதான் உயர்ந்த கடமையா?

பதில்: இல்லை. ஆர்ச்சி கேரல் 1991-இல் வரைந்த அந்தப் படத்தில் அடியில் பொருளாதாரம், அதன்மேல் சட்டம், அதன்மேல் அறம், உச்சியில் நன்கொடை. உச்சியில் இருப்பது, இருந்தால் நல்லது என்ற வகை. கீழே இருக்கும் மூன்றில் ஒன்று ஆடினாலும் உச்சியில் இருப்பதற்கு மதிப்பில்லை. தேர்வில் இதையே எழுதுங்கள்.

கேள்வி (விற்பனை மேலாளர்): என் குழுவில் இரண்டு பேர் வாடிக்கையாளரிடம் பொய் சொல்லி விற்றது தெரியவந்தது. இருவரையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டால் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும் அல்லவா?

பதில்: அனுப்புவதற்கு முன் அவர்களுக்குக் கொடுத்த டார்கெட்டை எடுத்து மேசையில் வையுங்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டு சேவைகள் விற்றாக வேண்டும் என்று மேலிடம் நெருக்கியது. நேர்மையாக விற்று அந்த எண்ணை எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் விஷயம் வெடித்து 18.5 கோடி டாலர் அபராதம் வந்தபோது, இதே காரணத்துக்காகச் சில ஆண்டுகளில் சுமார் 5,300 பேரை வங்கி ஏற்கெனவே வெளியேற்றியிருந்தது. 2020-இல் மேலும் 300 கோடி டாலர் கட்ட வேண்டியிருந்தது.

ஐந்தாயிரம் பேர் ஒரே தப்பைச் செய்தால் அது ஐந்தாயிரம் பேரின் குணக்கேடாக இருக்க முடியாது. மேலே உட்கார்ந்து எண்ணைத் தீர்மானித்தவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் டார்கெட்டை நேர்மையாகத் தவறவிட்டவருக்கு வாராந்தரக் கூட்டத்தில் என்ன மரியாதை கிடைக்கிறது? அங்கே அவரை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டால், அடுத்த வாரம் பொய் சொல்லியாவது எண்ணைக் கொண்டுவருவார். விற்ற எண்ணிக்கையோடு, மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் ரத்து செய்தார்கள், எத்தனை புகார் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏமாற்றி விற்றது தெரிந்தால் கமிஷனைத் திரும்பப் பிடியுங்கள். அந்த இரண்டு பேர் மீதும் நடவடிக்கை எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டால், அந்த நாற்காலிகளுக்கு வரும் புதியவர்களும் அதையே செய்வார்கள்.

கேள்வி (மனிதவளத் துறை): எல்லோரிடமும் நெறிமுறைக் கையேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டோம். போதுமா?

பதில்: அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானின் கையேடு 64 பக்கம். 2000-இல் அச்சிட்டுக் கொடுத்தார்கள். கணக்கு மோசடி அம்பலமாகி 2001 டிசம்பரில் நிறுவனம் திவால்.

கேள்வி (கொள்முதல் அதிகாரி): சப்ளையரின் தொழிற்சாலை எங்களுடையது இல்லை. அங்கே நடப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?

பதில்: சட்டப்படி எவ்வளவு பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் 2011-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகள், வணிகத் தொடர்பு வழியாக நேரும் தீங்கையும் நிறுவனம் கவனிக்க வேண்டும் என்கின்றன. அடுத்த இரண்டே ஆண்டுகளில் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது.

2013 ஏப்ரல் 24, டாக்காவுக்கு அருகில் சாவார். முந்தைய நாளே கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்தளங்களில் இருந்த தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். 1,100-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே இயங்கிய சில தொழிற்சாலைகள் அதற்கு முன்பே, தொழிலாளர் நிலையைச் சோதிக்கும் சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. கட்டடம் தாங்குமா என்பது அந்தத் தணிக்கைப் பட்டியலில் இல்லாத கேள்வி.

விரிசல் கண்ட மறுநாளும் ஆட்களை ஏன் உள்ளே அனுப்பினார்கள்? சரக்கு தாமதமானால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் அதில் ஒரு பங்கு. அங்கேதான் உங்கள் மேசை வருகிறது. விலையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, கடைசி நேரத்தில் வடிவமைப்பை மாற்றிவிட்டு, தேதியை மட்டும் மாற்றாமல் இருந்தால், கூடுதல் வேலை நேரத்தை மறைமுகமாக நீங்களே கேட்டதாகத்தான் அர்த்தம். பிறகு அதே நிறுவனத்தின் இன்னொரு துறை போய் "ஏன் இத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறீர்கள்?" என்று தணிக்கை செய்யும். இந்த நாடகத்தைப் பலமுறை பார்த்துச் சலித்துவிட்டேன். ராணா பிளாசாவுக்குப் பிறகு 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு கட்டடப் பாதுகாப்புக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்பதால்தான் வேலை நடந்தது.

கேள்வி (தொழில்முனைவோர்): ஐ.எஸ்.ஓ. 26000 சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: 2010-இல் வந்த அந்தச் சமூகப் பொறுப்புத் தரநிலை வெறும் வழிகாட்டி. அதற்குச் சான்றிதழே கிடையாது. ஆலோசகரை மாற்றுங்கள்.

கேள்வி (பொறியாளர்): எங்கள் ஆலை பள்ளிகளுக்கு நிறையச் செய்கிறது, விளம்பரமும் உண்டு. ஆனால் கழிவுநீர் பற்றிய புகார் தீரவே இல்லை. ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பள்ளிக்குப் போகும் பிள்ளை அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கும். இந்தியாவின் 2013 நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வேறு சட்டத்தின்படி எப்படியும் செய்தே ஆக வேண்டியதை இந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஆக, கழிவுநீரைச் சுத்திகரிப்பது சமூகப் பொறுப்புச் செலவு (சி.எஸ்.ஆர்.) ஆகாது. அது தொழில் நடத்துவதன் செலவு. ஒரு நிறுவனத்தை எடைபோட நான் முதலில் பார்ப்பது அந்த 98 சதவீதம் எப்படி வந்தது என்பதைத்தான்.

கேள்வி (சிறுதொழில் உரிமையாளர்): நேர்மையாக இருந்தால் கடைசியில் லாபம் வரும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சில நேரம் வரும். 1982-இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணி கேப்சூலில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு யாரும் பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு வந்து சந்தையையும் மீட்டது. (அதே நிறுவனம் பின்னாளில் டால்கம் பவுடருக்காக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. நற்பெயர் நிரந்தரச் சொத்து இல்லை.) ஆனால் நேர்மை எப்போதும் லாபம் தரும் என்று நான் சொன்னால் அது பொய். அப்படி இருந்தால் எல்லோரும் நேர்மையாகவே இருந்திருப்பார்கள். சில ஆர்டர்கள் கைவிட்டுப் போகும். எவ்வளவு போனால் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வையுங்கள்.

கேள்வி (கணக்காளர்): அடுத்த காலாண்டு விற்பனையை இந்தக் காலாண்டில் காட்டச் சொல்கிறார் மேலதிகாரி. மறுத்தால் வேலை போகும். என்ன செய்வது?

பதில்: முதலில், "இதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள் சார்" என்று பணிவாகக் கேளுங்கள். பாதி கோரிக்கைகள் அங்கேயே காணாமல் போகும். அனுப்பினால், எந்தக் கணக்கியல் விதிக்கு இது முரண் என்று இரண்டே வரியில் பதில் எழுதுங்கள். குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். அப்புறம் தணிக்கைக் குழுவுக்கோ, நிறுவனம் வைத்திருக்கும் புகார் வழிக்கோ போங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2001-இல் என்ரான் தலைவருக்கு அங்கே துணைத் தலைவராக இருந்த ஷெரன் வாட்கின்ஸ் கணக்கு முறைகேடு பற்றி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தபோது, அவரைப் பணிநீக்கம் செய்தால் சட்டச் சிக்கல் வருமா என்றுதான் நிறுவனத் தரப்பு வழக்கறிஞரிடம் கேட்டது. அதனால் தேதி போட்டு உங்கள் குறிப்புகளை எழுதி வையுங்கள். நிறுவன ஆவணங்களை அவசரப்பட்டு வெளியே எடுத்துப் போகாதீர்கள், அதையே உங்கள் மீது குற்றமாகத் திருப்புவார்கள். வெளியாரிடம் பேசும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இன்னொரு பக்கம் அமைதியாக வேறு வேலை தேட ஆரம்பியுங்கள். அந்தப் பொய்க் கணக்குப் பதிவில் உங்கள் கையெழுத்து இருந்தால், பிறகு விசாரணைக்கு வருபவர் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.