ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சின்னக் காரில் குறுக்காக வைக்க முடியுமா? விஆர்6 என்பது வி6-தானா?

முடியும். ஃபோக்ஸ்வாகன் 1991-இல் பஸாட்டில் வைத்தது, அடுத்து கொராடோவிலும் கோல்ஃபிலும். ஆனால் விஆர்6-ஐ வி6 (ஆறு சிலிண்டரும் 'வி' வடிவில் இரண்டு வரிசையாக நிற்கும் எஞ்சின்) என்று சொன்னால் பாதிதான் சரி. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 'ஆர்' என்பது ரைஹன்மோட்டோர், ஜெர்மனில் வரிசை எஞ்சின். ஆறு சிலிண்டர் வரிசையைக் கொஞ்சம் கோணலாக மடித்தது என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

ஏன் மடிக்க வேண்டும்? முன் சக்கர இயக்கத்தில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்காக, ஒன்றையொன்று ஒட்டி உட்கார வேண்டும். அக்காலத்து ஃபோக்ஸ்வாகன் நாலு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சிலிண்டர் மையங்களுக்கு நடுவே 88 மி.மீ. அதே இடைவெளியில் 81 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) கொண்ட ஆறு சிலிண்டரை அடுக்கினால் 5 × 88 + 81 = 521 மி.மீ. அப்புறம் கியர்பாக்ஸுக்கு இடம் ஏது? விஆர்6-இல் சிலிண்டர்கள் ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னும் நிற்பதால் இடைவெளி 65 ஆகக் குறைந்து, மொத்தம் 406-இல் முடிகிறது. 60 டிகிரி வி6-உம் நீளத்தைக் குறைக்கும்தான். ஆனால் இரண்டு ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் இருக்கும் பாகம்), இரண்டு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) என்று அகலமாகிவிடும். இங்கே கோணம் வெறும் 15 டிகிரி என்பதால் இரு வரிசைக்கும் ஒரே ஹெட் போதும். யோசனை புதிதல்ல, லான்சியா 1922-லேயே லாம்ப்டா காரில் இப்படி ஒரு குறுங்கோண வி4 காட்டியது.

எனக்குப் பிடித்த இடம் கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. பிஸ்டனை அதோடு இணைக்கும் ஆறு கனெக்டிங் ராடுக்கும் தனித்தனி கிராங்க் பின், ஏழு மெயின் பேரிங். வரிசை எஞ்சின் போலவே 120 டிகிரிக்கு ஒருமுறை வெடிப்பு வர, சிலிண்டர் சாய்வை ஈடுகட்ட பின்களை 15 டிகிரி நகர்த்தினால் போதும் என்றுதான் தோன்றும். உண்மையில் நகர்த்தியிருப்பது 22. காரணம், சிலிண்டர்களின் மையக்கோடு கிராங்க் மையத்தைத் தொடாமல் 12.5 மி.மீ. விலகிப்போகிறது, இரு வரிசைக் கோடுகளும் கிராங்குக்குக் கீழேதான் வெட்டிக்கொள்கின்றன. ராடு நீளம் 164, கிராங்க் ஆரம் சுமார் 45, கூட்டினால் 209. 12.5-ஐ 209-ஆல் வகுத்து வரும் சைன் மதிப்புக்குக் கோணம் 3.4 டிகிரி. இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 7. பதினைந்தும் ஏழும் இருபத்திரண்டு. வெடிப்பு வரிசையும் 1-5-3-6-2-4, பிஎம்டபிள்யூவின் நேர் ஆறில் இருப்பதேதான்.

இந்த மடிப்புக்கு விலையும் உண்டு. ஹெட்டின் ஒரு பக்கம் முழுக்க இன்டேக் (காற்று உள்ளே வரும் வழி), மறுபக்கம் முழுக்க எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வழி). ஆகவே ஒரு வரிசைக்கு இன்டேக் வழி குட்டை, எக்ஸாஸ்ட் நீளம். அடுத்த வரிசைக்கு நேர் எதிர். 12 வால்வு மாடலில் ஒரு கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு வரிசையின் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் இயக்கும். பின்னால் வந்த 24 வால்வில் ஒரு கேம் இன்டேக்குக்கு, இன்னொன்று எக்ஸாஸ்டுக்கு.

பழைய 2.8 லிட்டர் (2792 சிசி) ஒன்றை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது டைமிங் செயின் (கிராங்கிலிருந்து கேமைச் சுழற்றும் சங்கிலி) கதை. செயின் இருப்பது கியர்பாக்ஸ் பக்கம். பிளாஸ்டிக் கைடு தேய்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் அந்தப் பக்கத்திலிருந்து கடகட சத்தம் வரும். அதை அலட்சியம் செய்து செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். உதிரிபாகத்தைவிடக் கூலிதான் அதிகம். கிளட்ச் போட எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும், அப்போதே இரண்டு செயின், கைடுகள், டென்ஷனர், பின்பக்க கிராங்க் ஆயில் சீல் எல்லாம் போட்டுவிடுங்கள். கிளட்ச் மட்டும் போதும் என்று மிச்சம் பிடிப்பது வீண்.

அடுத்தது கூலன்ட். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கோடு சேரும் நீண்ட பிளாஸ்டிக் குழாய் சூட்டில் நொறுங்கும். அலுமினியத்தில் கிடைக்கிறது, அதையே போடுங்கள். மழை நாளில் மட்டும் மிஸ்ஃபயர் (ஏதாவது சிலிண்டரில் வெடிப்பு தவறுவது) வந்தால், பிளக்குகளுக்குப் பொறி மின்சாரம் தரும் காயில் பேக்கைச் சந்தேகியுங்கள். இரவில் எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், அதன்மேல் தண்ணீர் தூவினால் விரிசல் வழியே பொறி தெரியும். எபாக்சி பூசுவதெல்லாம் தற்காலிகம்.

ரீபோர் (சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து பெரிதாக்குவது) வரை போனால் பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிளாக்கின் மேல்தளம் போருக்குச் செங்குத்தாக இல்லை, 7.5 டிகிரி சாய்வு. வழக்கம்போல மேல்தளத்தை மட்டம் பிடித்துப் போர் அடித்தால் பிளாக் குப்பைக்கு. பிஸ்டன் தலையும் அதே சாய்வில் வெட்டப்பட்டிருப்பதால் திருப்பிப் போடக் கூடாது; எந்தப் பிஸ்டன் எந்தச் சிலிண்டரில், எந்தத் திசையில் இருந்தது என்று கழற்றும்போதே குறித்து வையுங்கள்.